இணையவழிச் சதுரங்கம்: காய்களை இலவசமாக இழக்காமல் ஆடப் பழகுவது எப்படி?

காய்கள் நகரும் விதமும் கோட்டை கட்டும் முறையும் தெரிந்த பிறகு இணையத்தில் ஆடத் தொடங்குபவர்களுடைய ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் ஒன்றுதான்: காவல் இல்லாத கட்டத்தில் ஒரு குதிரையோ யானையோ நிற்கிறது, எதிராளி அதை வெட்டிவிடுகிறார். திறப்பு ஆட்டங்களை மனப்பாடம் செய்வதற்கு முன்பு இந்த இழப்பை நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகள் அனைத்தும் அதற்காகவே அமைந்தவை.

படி 1: கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்தல்

லிசெஸ் என்னும் சதுரங்க இணையதளத்தில் எல்லா வசதிகளும் இலவசம், விளம்பரமும் கிடையாது என்பதால் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். கணக்கு தொடங்கியதும் ஒரு நிமிட, மூன்று நிமிட ஆட்டங்கள் கண்ணில் படும். அவற்றை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஆளுக்கு 15 நிமிடமும், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 நொடி கூடுதலும் தரும் வகையைத் தேர்ந்தெடுங்கள். 2022 பிப்ரவரியில், இணையவழியில் நடந்த ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் போட்டியில் பதினாறு வயதுப் பிரக்ஞானந்தா அப்போதைய உலகச் சாம்பியன் மேக்னஸ் கார்ல்செனைத் தோற்கடித்ததும் இதே நேர அளவில்தான். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களுக்கே அது விரைவு ஆட்டம் என்றால், தொடக்க நிலையில் இருப்பவர் மூன்று நிமிடத்தில் எதைச் சிந்திக்க முடியும்?

இத்தளத்தில் புதியவரின் ரேட்டிங் 1500 என்று தொடங்கும். அது உங்கள் திறனைக் கணித்துச் சொல்லும் எண் அல்ல, எல்லோருக்கும் பொதுவான தொடக்கப் புள்ளி மட்டுமே. ஆகவே முதல் சில ஆட்டங்களில் அது வேகமாக இறங்கினால் கலங்க வேண்டியதில்லை. எண்ணைப் பார்ப்பதே மனத்தைக் குலைக்கிறது என்றால், அமைப்புகளில் ரேட்டிங்கை மறைத்து வைக்கும் வசதியும் உண்டு.

படி 2: முதல் பத்து நகர்வுகள்

நடுவில் ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ளுங்கள், குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே கொண்டு வாருங்கள், கோட்டை கட்டுங்கள். தக்க காரணம் இல்லாமல் ஒரே காயை இரண்டாம் முறை நகர்த்தாதீர்கள். இந்த நிலைக்கு இவ்வளவு போதும்.

ஆனால் ஒரு பொறியை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் முதல் வாரத்திலேயே அதை நீங்கள் சந்திப்பீர்கள். (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்.) ஆட்டத் தொடக்கத்தில் கறுப்பின் எஃப்7 சிப்பாயை, அதாவது ராஜாவுக்குப் பக்கத்து பிஷப்பின் முன் நிற்கும் சிப்பாயை, ராஜாவைத் தவிர வேறு எந்தக் காயும் காப்பதில்லை. வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5 ஆடிய பிறகு, வெள்ளை தன் ராணியை எச்5 கட்டத்துக்குக் கொண்டுவந்து ஈ5 சிப்பாயைக் குறிவைக்கும். நீங்கள் குதிரையைச் சி6-இல் வைத்து அதைக் காக்கிறீர்கள். அடுத்து வெள்ளை பிஷப் சி4-க்கு வருகிறது. இப்போது பிஷப்பின் துணையோடு ராணி எஃப்7-ஐ வெட்டினால் செக்மேட். இந்த இடத்தில் பலர் ராணியை விரட்டும் ஆவலில் மற்றக் குதிரையை எஃப்6-இல் வைத்து அந்த நொடியே தோற்கிறார்கள். சரியான விடை சிப்பாயை ஜி6-க்கு நகர்த்துவது. ராணி எஃப்3-க்குப் பின்வாங்கி மறுபடியும் எஃப்7-ஐக் குறிவைத்தால், அப்போது குதிரையை எஃப்6-இல் வைத்து வழியை அடையுங்கள். வெள்ளை ராணி இரண்டு முறை அலைந்தும் பயனில்லை. உங்கள் இரண்டு குதிரைகளும் நல்ல இடத்தில் நிற்கின்றன.

படி 3: கையை எடுக்கும் முன் மூன்று கேள்விகள்

எதிராளி கடைசியாக நகர்த்திய காய் இப்போது எதைத் தாக்குகிறது? நான் வைக்கப்போகும் கட்டத்தை அவருடைய எந்தக் காய் வெட்ட முடியும்? இந்தக் காய் நகர்வதால் இதுவரை அது காத்துவந்த எது தனித்துவிடப்படுகிறது? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

வெட்டுக்கு வெட்டு நடக்கும் இடங்களில் மதிப்பைக் கணக்கிடுங்கள்: சிப்பாய் 1, குதிரையும் பிஷப்பும் 3, யானை 5, ராணி 9. உங்கள் சிப்பாய் ஒன்றை எதிராளியின் குதிரையும் யானையும் தாக்க, அதை உங்கள் குதிரை ஒன்று மட்டும் காக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குதிரை சிப்பாயை வெட்டும், உங்கள் குதிரை அதை வெட்டும், கடைசியில் யானை உங்கள் குதிரையை வெட்டும். நீங்கள் இழந்தது 4, பெற்றது 3. அதே சிப்பாயைத் தாக்குபவை ராணியும் யானையும் மட்டும் என்றால், முதலில் வெட்டும் காய்க்கே விலை அதிகம் என்பதால் அவர் வெட்ட மாட்டார். தாக்கும் காய்களின் எண்ணிக்கை மட்டும் போதாது, வெட்டும் வரிசையும் முக்கியம்.

படி 4: புதிர்களும் முடிவாட்டமும்

புதிர்ப் பகுதியில் தலைப்பு வாரியாகத் தேர்வு செய்யலாம். காவலற்ற காய், ஒரே நகர்வில் செக்மேட் ஆகிய இரண்டு தலைப்புகளில் நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும். விடை முழுவதையும் மனத்தில் கண்ட பிறகே காயைத் தொடுங்கள்.

இரண்டு யானைகளால் ராஜாவை வரிசை வரிசையாகத் தள்ளி செக்மேட் செய்யவும், ராணியும் ராஜாவும் சேர்ந்து செக்மேட் செய்யவும் கணினியுடன் ஆடிப் பழகுங்கள். ராணியால் விரட்டும்போது ஓர் எச்சரிக்கை: தனித்து நிற்கும் எதிரி ராஜா மூலைக் கட்டத்தில் இருக்கையில், அதிலிருந்து குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் ராணியை வைத்தால், செக் இல்லாமலேயே ராஜாவுக்கு நகர இடமற்றுப்போய் ஆட்டம் சமநிலையில் முடிந்துவிடும். ராஜா எச்8-இல், ராணி ஜி6-இல் என்று பலகையில் வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும்.

படி 5: தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தல்

நான் முன்னேறத் தொடங்கியது இதைச் செய்யத் தொடங்கிய பிறகே. அதற்கு முன் இரவுகளில் அடுத்தடுத்துப் பத்து ஆட்டங்கள் ஆடி, ஒரே பிழையைப் பத்து முறை செய்துகொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் கணினி ஆய்வை உடனே திறக்காமல், முதலில் நீங்களே நகர்வு நகர்வாகப் பின்னோக்கிச் சென்று, எந்த இடத்தில் நிலை கெட்டது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அப்போது என்ன நினைத்து அந்தக் காயை நகர்த்தினீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். அதன் பிறகு கணினி ஆய்வைத் திறந்து ஒப்பிடுங்கள். பிழையான இடத்தில் உங்களையே நிறுத்தி, சரியான நகர்வைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வசதியும் அங்கே இருக்கிறது.

ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டங்கள், இரண்டுக்கும் இந்த ஆய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்; தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். காயை இலவசமாக விட்ட குறிப்பு எதுவும் இல்லாமல் குறிப்பேட்டில் பத்து ஆட்டங்கள் கடந்தால், குதிரையின் இரட்டைத் தாக்குதல் போன்ற இரண்டு நகர்வுப் புதிர்களுக்குச் செல்லலாம்.