ஃபிளாஸ்க் வைத்த காபி மேக்கர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணாடி ஜாடி வைத்த டிரிப் காபி மேக்கரில் (தூள் மேல் வெந்நீர் சொட்டி, வடிந்து காபி இறங்கும் மின்சார மெஷின்) ஜாடிக்கு அடியில் ஒரு சூட்டுத் தட்டு இருக்கும். காபி இறங்கி முடிந்த பிறகும் அது ஜாடியைச் சுட்டுக்கொண்டே இருப்பதால், கொஞ்ச நேரத்தில் காபியில் கருகல் கசப்பு ஏறிவிடும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் பலர் ஸ்டீல் ஃபிளாஸ்க் வைத்த மெஷின் வாங்குகிறார்கள். நல்ல முடிவு. ஆனால் மெஷின் மாறினாலும் கை பழைய பழக்கத்திலேயே இருக்கிறது. காபி சீக்கிரம் ஆறுவது, மேடையெல்லாம் வழிவது, ஃபிளாஸ்கில் வாடை அடிப்பது எல்லாம் பெரும்பாலும் அதனால்தான்.

இந்த ஃபிளாஸ்க், ஜேம்ஸ் டூவார் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1892-ல் உருவாக்கிய அதே ஏற்பாடு: இரண்டு சுவர்கள், நடுவே வெற்றிடம். உள்ளே இருக்கும் சூட்டை அது காக்கும், புதிதாகச் சூடேற்றாது. காபி உள்ளே விழும்போது இருக்கிற சூடுதான் முதல். அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். அதனால் குளிர்ந்த ஃபிளாஸ்கை அப்படியே மெஷினில் வைப்பது முதல் தவறு. உள்சுவர் சூடேறுவதற்கான வெப்பத்தைக் காபியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். முழு ஃபிளாஸ்க் போடும்போது இது அவ்வளவாகத் தெரியாது. இரண்டு பேருக்கு மட்டும் போட்டால் நன்றாகவே தெரியும். கொதிநீர் ஊற்றி மூடி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு அப்புறம் மெஷினை ஓடவிடுங்கள். இவ்வளவு சுலபமான வேலைக்கு இவ்வளவு பலன் வேறெதிலும் கிடையாது.

அடுத்தது கொஞ்சம் ஆபத்தானது. ஸ்டீல் என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. காலையில் மீந்த காபி பாதி அப்படியே இருக்க, மாலையில் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பட்டனைத் தட்டினால், கொதிக்கும் காபி மேடையில் வழிந்து ஓடும். மூடியாலும் இதே விபத்து வரும். பல மெஷின்களில் ஃபிளாஸ்க் மூடிதான் மேலே இருக்கும் சொட்டு நிறுத்தும் வால்வை அழுத்தித் திறக்கிறது. மூடி இல்லாமலோ கோணலாகவோ வைத்தால் வால்வு திறக்காது. தண்ணீர் தூளோடு சேர்ந்து வடிகட்டிக் கூடையிலிருந்து பொங்கி வழியும். பட்டனைத் தட்டும் முன் ஃபிளாஸ்கைக் கையில் எடுத்து, காலியாக இருக்கிறதா, மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சிறு பிள்ளைகள் நடமாடும் வீட்டில் இதில் அலட்சியமே கூடாது.

தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற அந்த ஃபிளாஸ்கையே பயன்படுத்துவதும் நல்லதல்ல. என்னதான் கழுவினாலும் காபி எண்ணெய் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது தொட்டிக்குள் போய்ப் படிந்தால் அங்கே கைவிட்டுத் தேய்க்க முடியாது. தண்ணீருக்கென்று தனியாக ஒரு அளவு ஜாடி வைத்துக்கொள்ளுங்கள். அளவு என்றதும் இன்னொன்று: மெஷினில் போட்டிருக்கும் ‘10 கப்’ என்பது நம் வீட்டு மக்கில் பத்து அல்ல. ஐரோப்பிய மெஷின்களில் ஒரு கப் பெரும்பாலும் 125 மி.லி., அமெரிக்க மெஷின்களில் 150 மி.லி.க்குச் சற்றுக் குறைவு. மில்லிலிட்டரில் கணக்குப் போட்டால் குழப்பம் வராது.

சரி, தூளுக்கு வருவோம். நம் வீடுகளில் இந்த மெஷினுக்குக் கெட்ட பெயர் வருவதே இங்கேதான். பித்தளை ஃபில்டருக்காக வாங்கிய தூளையே இதிலும் போடுகிறார்கள். அந்தத் தூள் நைஸாக அரைத்தது, அதோடு சிக்கரியும் கலந்தது. இந்தியச் சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் போதும். மிச்சம் முழுக்கச் சிக்கரியாகவே இருக்கலாம். பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் மெதுவாக இறங்குவதற்கு அந்தச் சிக்கரி உதவுகிறது. டிரிப் மெஷினில் அதுவே எதிரி. மேலிருந்து வெந்நீர் விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, தூள் பசைபோல இறுகிக் காகித ஃபில்டரை அடைத்துக்கொள்கிறது. காபி அளவுக்கு மீறி ஊறிக் கசக்கும், இல்லையென்றால் கூடையே நிரம்பி வழியும். இதற்குச் சிக்கரி கலக்காத தூள்தான் வேண்டும், ரவைப் பதத்தில் அரைத்தது. கடையில் அரைத்து வாங்கினால் ‘டிரிப் மெஷினுக்கு’ என்று சொல்லிக் கேளுங்கள்.

ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் என்ற சர்வதேசக் காபித் துறை அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 55 கிராம் தூள். கரண்டிக் கணக்கைவிடச் சின்னத் தராசு நம்பகமானது. பால் விட்டுக் குடிப்பவர்களுக்கு இந்த அளவு போதாது. லிட்டருக்கு 70, 75 கிராம் வரை ஏற்றி, பாலைக் குறைவாகச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் அது டிகாக்‌ஷன் ஆகிவிடாது. டபரா செட்டில் நுரை பொங்க ஆற்றிக் குடிக்கும் காபிதான் வேண்டுமென்றால் பித்தளை ஃபில்டரைப் பரணில் ஏற்றாதீர்கள். இரண்டும் வேறு வேறு காபி, இரண்டுக்கும் வீட்டில் இடம் இருக்கிறது.

முதலில் இறங்குவது திடமாகவும் கடைசியில் இறங்குவது நீர்த்தும் இருக்கும். சில ஃபிளாஸ்க் மூடிகளில் அடிவரை ஒரு குழாய் நீண்டு, காபியைக் கலந்துவிடும். அது இல்லாவிட்டால் ஊற்றுவதற்கு முன் ஃபிளாஸ்கை மெல்லச் சுழற்றிவிடுங்கள்.

சூடு இருக்கிறதே என்று மத்தியானம் வரை வைத்துக் குடிப்பதையும் விட்டுவிடலாம். சூட்டில் இருக்கும் காபியின் மணம் மூடிய ஃபிளாஸ்கிலும் மெதுவாகப் போய்க்கொண்டுதான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் குடித்தால் அருமை, இரண்டு மணி நேரம் வரை பரவாயில்லை என்பது என் கணக்கு. பாலையோ சர்க்கரையையோ மட்டும் ஃபிளாஸ்குக்குள் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பால் மூடியின் இடுக்குகளில் புகுந்து கெடும். காபி வெதுவெதுப்பான நிலைக்கு வந்துவிட்டால் கிருமிகள் பெருக அது தோதான இடம்.

கழுவுவதில் இரண்டு வகைத் தவறு. ‘வெறும் காபிதானே’ என்று தண்ணீரில் அலசி வைப்பது ஒன்று. உள்ளே படியும் பழுப்பு நிறப் படலம் காபி எண்ணெய். நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும், புதுக் காபியிலும் அது ஏறும். அந்தப் படலத்தைப் பார்த்துப் பதறி ஸ்டீல் ஸ்க்ரப்பரும் பிளீச்சும் எடுப்பது இன்னொன்று. ஸ்க்ரப்பர் கீறும், பிளீச்சில் இருக்கும் குளோரின் ஸ்டீலில் குழி விழ வைக்கும். இரண்டு மேஜைக்கரண்டி சமையல் சோடாவோடு கொதிநீர் நிரப்பி அரைமணி நேரம் ஊறவிட்டு, நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். அடம்பிடிக்கும் கறைக்குச் சோடியம் பெர்கார்பனேட் உள்ள காபிப் பாத்திரப் பொடி நன்றாக வேலை செய்யும். ஆனால் அது வாயுவை வெளியிடும் என்பதால் ஊறும்போது மூடியைத் திருகி மூடவே கூடாது. மூடியையும் அதன் ரப்பர் வளையத்தையும் தனியே கழற்றிக் கழுவுங்கள். வாடையின் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கும். கழுவியதும் திறந்தே காயவிடுங்கள். கையேட்டில் சொல்லாதவரை ஃபிளாஸ்கை முழுக்கத் தண்ணீரில் மூழ்கடிக்கவோ டிஷ்வாஷரில் வைக்கவோ வேண்டாம். சூடான காபி ஊற்றியதும் வெளிச்சுவரும் சுடுகிறதென்றால் நடுவில் இருந்த வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். வீட்டில் அதைச் சரிசெய்ய வழியில்லை, வேறு ஃபிளாஸ்க்தான் வாங்க வேண்டும்.

போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மெஷினுக்குள் சுண்ணாம்பு படியும். வழக்கத்தைவிட மெதுவாக, அதிகச் சத்தத்தோடு ஓடினால் அதுதான் அடையாளம். லிட்டருக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்துப் பாதி ஓடவிட்டு, நிறுத்தி அரைமணி நேரம் கழித்து மீதியையும் ஓடவிடுங்கள். அப்புறம் வெறும் தண்ணீர் இரண்டு முறை.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் இந்த மெஷினை வாங்கி வரச் சொல்லாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. வோல்ட் இரு மடங்கு ஆனால், சூடேற்றும் கம்பி இழுக்கும் மின்சக்தி நான்கு மடங்கை நெருங்கும். பிளக்குக்கு மட்டும் அடாப்டர் மாட்டிச் செருகினால் மெஷின் எரிந்துபோகும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம்தான், ஆனால் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் மெஷினுக்கு அது பெரிதாகவும் கனமாகவும் இருக்கும். இங்கே விற்கும் 230 வோல்ட் மெஷினையே வாங்குங்கள்.