டிஎன்எஸ் பிழைக் குறியீடுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் தேக்காவில் உள்ள ஒரு துணிக்கடையின் இணையத்தளம் தீபாவளி நேரத்தில் திறக்காமல் போனால், கடைக்காரர் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடுவார்; பிறகு தளத்தைப் பராமரிக்கும் நிறுவனத்தை அழைத்து, சர்வர் வேலை செய்யவில்லை என்று முறையிடுவார். இரண்டுக்கும் முன்பாக, இணையப் பெயர்களுக்கு உரிய எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் அமைப்பிடம் கேள்வி கேட்க உதவும் ‘டிக்’ (dig) கட்டளையில் அந்தத் தளத்தின் பெயரைக் கேட்டு, விடையின் தலைப்பகுதியில் வரும் நிலைக் குறியீட்டைப் பார்ப்பதே முறை. 1987இல் வகுக்கப்பட்ட டிஎன்எஸ் நெறிமுறையின்படி 0 என்றால் பிழையில்லை, 2 என்றால் செர்வ்ஃபெயில், 3 என்றால் என்எக்ஸ்டொமைன், 5 என்றால் ரெஃப்யூஸ்டு. விடையே வராமல் நேரம் கடந்துபோவது இவற்றுள் எதுவும் அன்று. அப்போது ஃபயர்வாலையும் இணைப்பையும் பார்க்க வேண்டும்.

என்எக்ஸ்டொமைனைச் சர்வர் கோளாறாகக் கருதுவதே நான் அடிக்கடி காணும் தவறு. கேட்ட பெயர் இல்லை என்று டிஎன்எஸ் தெளிவாகச் சொல்லும் விடை அது. எழுத்துப்பிழையையும் பதிவுக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். சிங்கப்பூருக்குரிய புதிய ‘டாட் எஸ்ஜி’ பெயராக இருந்தால், 21 நாள்களுக்குள் சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாள முறை வழியாகச் செய்யவேண்டிய அடையாளச் சரிபார்ப்பு முடிந்ததா என்றும் பாருங்கள். முடிக்காவிட்டால் பெயர் இடைநிறுத்தப்படும். குறியீடு 0 ஆக இருந்தும் விடைப்பகுதி காலியாக இருந்தால், பெயர் இருக்கிறது, நீங்கள் கேட்ட வகை டிஎன்எஸ் பதிவு (முகவரி, மின்னஞ்சல் போன்ற விவரம்) மட்டும் இல்லை என்று பொருள்.

புதிய டிஎன்எஸ் பதிவைச் சேர்ப்பதற்கு முன்பே, வேலை செய்கிறதா என்று ஆவலில் கேட்டுப் பார்ப்பதும் தவறு. ‘இல்லை’ என்ற விடையையும், நமக்காக விடை தேடித் தரும் சர்வரான ரிசால்வர் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதை தளப் பெயரின் தலைமைப் பதிவான எஸ்ஓஏ பதிவின் ஆயுட்காலம், அதன் கடைசி எண் ஆகிய இரண்டில் சிறியது தீர்மானிக்கிறது. அது 3600 வினாடி என்றால், நீங்கள் பதிவைச் சேர்த்த பிறகும் ஒரு மணி நேரம் வரை பழைய விடையே வரலாம். அதற்குள் சேர்த்த பதிவை அழித்து மீண்டும் எழுதுவோர் சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

செர்வ்ஃபெயிலுக்குத்தான் மிகுந்த பொறுமை தேவை. ரிசால்வரால் விடையைப் பெறவோ நம்பவோ முடியவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. டிஎன்எஸ் சேவையை வேறு நிறுவனத்திற்கு மாற்றியவர்கள், விடைகளைக் கையொப்பத்தால் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் முறையின் பழைய சாவியைச் சுட்டும் டிஎஸ் பதிவைப் பதிவாளரிடம் நீக்காமல் விட்டுவிடும்போது இது வருவதைக் காணலாம். சரிபார்ப்பை விலக்கும் ‘சிடி’ தேர்வுடன் கேட்டால் விடை வருகிறது, இல்லாமல் கேட்டால் வரவில்லை என்றால், ஐயம் டிஎன்எஸ்செக் மீதே திரும்ப வேண்டும். ஆனால் அலுவலக ரிசால்வரில் சரிபார்ப்பையே நிறுத்திவிடுவது தீர்வாகாது: உங்கள் திரையில் தளம் திறக்கும், வாடிக்கையாளர்களுக்குத் திறக்காது, போலி விடைகளைத் தடுக்கும் காவலும் போய்விடும்.

யாரிடம் கேட்டோம் என்பதை மறப்பதும் குழப்பம் தரும். புதிய சர்வரில் மண்டலத்தை (தளப் பெயருக்கான பதிவுகளின் தொகுப்பை) அமைக்காமல், அந்தப் பதிவுகளைத் தரும் பெயர் சர்வர்களை மட்டும் மாற்றினால், அந்தச் சர்வர் பெரும்பாலும் ரெஃப்யூஸ்டு என்று மறுக்கும். ஆனால் ரிசால்வர் அதை உங்களிடம் செர்வ்ஃபெயில் என்றே சொல்லும். ஆகவே ஒவ்வொரு பெயர் சர்வரையும் நேரடியாகக் கேளுங்கள். 2020இல் வந்த விரிவான பிழைக் குறியீடுகளை உங்கள் ரிசால்வர் அனுப்பினால் அவற்றையும் படியுங்கள்: 7 என்றால் கையொப்பம் காலாவதியாகிவிட்டது, 22 என்றால் உரிய பெயர் சர்வர் எதையும் எட்ட முடியவில்லை.