கம்மி விலையில மெடிக்கல் டிவைஸ் பண்ணப் போறீங்களா? ரிப்பேர்ல இருந்து ஆரம்பிங்க

ஏழை நாட்டு ஆஸ்பத்திரிக்கு ஏதாச்சும் மெஷின் பண்ணணும்னு கிளம்புறவங்க மொதல்ல உக்காந்து பார்ட்ஸ் விலையதான் குறைப்பாங்க, ஆனா 2011ல வந்த ஒரு ஆய்வுல 16 நாட்டுக் கணக்கப் பாத்தா ஆஸ்பத்திரி மெஷின்கள்ல கிட்டத்தட்ட 40 சதவீதம் ஓடாமதான் கிடந்திருக்கு. ஓடாத மெஷின் சும்மா குடுத்தாலும் தண்டம்தான்.

அதனால முதல்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரியோட ஸ்டோர் ரூமுக்குப் போங்க, தூசி படிஞ்சு கிடக்குற ஒவ்வொரு மெஷினும் ஏன் நின்னுச்சுன்னு கேளுங்க, டாக்டர்ட்ட இல்ல, நர்ஸ்ட்டயும் ரிப்பேர் பாக்குறவர்ட்டயும். போன ஃப்யூஸ், செத்த பேட்டரி, எங்கயும் கிடைக்காத ஒரு ட்யூப், இப்படித்தான் பதில் வரும். உங்க டிசைனுக்கு லிஸ்ட் அதுதான்.

அடுத்தது, அங்க நிஜமா எப்படி யூஸ் பண்றாங்கன்னு நின்னு பாருங்க. பிறந்த குழந்தைக்கு மஞ்சக்காமாலைன்னா நீல வெளிச்சத்துல வைப்பாங்க இல்லையா, கூட்டம் ஜாஸ்தியா இருந்தா ஒரே லைட்டுக்குக் கீழ ரெண்டு மூணு குழந்தைய படுக்க வச்சிடுவாங்க, ஓரத்துல இருக்குறதுக்கு வெளிச்சமே பத்தாது. டிசைன் தட் மேட்டர்ஸ்னு ஒரு அமைப்பு பண்ண ஃபயர்ஃப்ளைங்குற நீல லைட் மெஷின்ல ஒரு குழந்தைக்கு மட்டும்தான் இடம், மேலயும் கீழயும் எல்இடி. தப்பா யூஸ் பண்ணவே வழியில்ல. ட்ரெய்னிங் குடுத்தா சரியாயிடும்னு சொல்றவங்கள நான் நம்புறதில்ல, ட்ரெய்னிங் வாங்குன நர்ஸ் ட்ரான்ஸ்ஃபர் ஆகிப் போயிடுவாங்க.

கரண்ட்ட நம்பாதீங்க. வோல்டேஜ் ஏறி இறங்குறத வேணும்னே குடுத்து லேப்லயே டெஸ்ட் பண்ணுங்க. முடிஞ்சா கரண்ட் தேவையையே குறைங்க: எம்ப்ரேஸ் பேபி வார்மர்ல மெழுகு மாதிரி ஒரு பொருள உருக்கி வச்சா போதும், அது உறையுறப்போ விடுற சூட்டுல குழந்தைக்கு மணிக்கணக்கா 37 டிகிரி கிடைக்கும்.

விலைன்னு வரும்போது மெஷின் விலைய பாக்காதீங்க, ஒரு நோயாளிக்கு எவ்ளோ ஆகுதுன்னு பாருங்க. மெஷின் சல்லிசா இருந்து, அதுல போடுற டெஸ்ட் ஸ்ட்ரிப்போ ஃபில்டரோ ஒரே கம்பெனிக்கிட்டதான் வாங்கணும்னா ஆஸ்பத்திரிக்காரங்க மாட்டிக்கிட்டாங்கன்னு அர்த்தம்.

செலவக் குறைக்கணும்னு டெஸ்டிங்க குறைக்காதீங்க. விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோன்னு பாக்குற பல்ஸ் ஆக்சிமீட்டர் கருத்த தோல்ல ஆக்சிஜன கூட்டிக் காட்டலாம்னு 2020ல பெரிய ஆய்வே வந்துச்சு, அதனால யாருக்குப் பண்றீங்களோ அவங்ககிட்டயே டெஸ்ட் பண்ணுங்க, அந்த ஊர் எதிக்ஸ் கமிட்டி அனுமதியோட. ஐஎஸ்ஓ 13485னு மெடிக்கல் டிவைஸ் பண்றவங்களுக்கான தரக் கட்டுப்பாட்டு விதி இருக்கு, அதோட பேப்பர் வேலைய கடைசில பாத்துக்கலாம்னு விட்டா திரும்ப மொதல்ல இருந்துதான். ஸ்பேர் பார்ட்ஸ் அங்க யார் விப்பாங்கன்னு முடிவாகாம முதல் மெஷின அனுப்பாதீங்க.