வாசலில் நின்று "அவங்க தடுத்துட்டாங்க" என்று சொல்வதற்கு முன்

போன வாரம் ஓட்டேரிப் பக்கம் ஒரு தெருவில், கட்சியில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் நாலு பேரோடு வீடு வீடாகப் போனேன். ஆறாவது வீட்டில் ஒரு அம்மா, வாசலுக்கு நேரே மழைநீர் வடிகால் மூடி உடைந்து கிடப்பதைக் காட்டினார். மேலே ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் கல்லும் வைத்திருந்தார். எங்கள் பையன் ஒருவன் உடனே, "நம்ம ஆளு சட்டசபைல பேச எழுந்தாரும்மா, அவங்கதான் பேச விடாம வெளிய தள்ளிட்டாங்க" என்றான். அந்த அம்மா சரி என்று தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பையன் நோட்டில் 'ஓட்டு நமக்கு' என்று டிக் போட்டான். அந்த டிக் பொய் என்று எனக்குத் தெரியும். அவன் வயதில் நானும் அப்படித்தான் டிக் போட்டேன்.

வட சென்னையில் இருபது வருஷத்துக்கு மேல் வட்ட அளவில் வேலை செய்கிறேன். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. எல்லாக் கட்சிப் பிள்ளைகளும் இதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது, வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் சட்டசபையைக் காரணம் சொல்வது

2016 சட்டமன்றத் தேர்தல். மே 16 வாக்குப்பதிவு, அக்னி நட்சத்திர வெயில். புளியந்தோப்புப் பக்கம் ஒரு வாரியக் குடியிருப்பில் எனக்கு ஒரு பிளாக் ஒதுக்கியிருந்தார்கள். மூன்றாவது மாடியில் ஒரு அக்கா, ஐம்பது வயதிருக்கும். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வீட்டுக்குக் கிரயப் பத்திரம் எப்ப தம்பி வரும்?"

அந்த வருஷங்களில் சட்டசபைச் செய்தி என்றாலே வெளிநடப்பு, அமளி, அவைக் காவலர்கள் குண்டுக்கட்டாகத் தூக்கிப் போவது. எங்களுக்குக் கொடுத்த நோட்டீஸிலும் அதுதான் பெரிய எழுத்தில் இருந்தது. நான் அதையே பிடித்துக்கொண்டேன். "அதுக்குச் சட்டம் கொண்டு வரணும்க்கா. சபையையே நடத்த விடல. நம்ம ஆளுங்க உள்ள போனாத்தான் நடக்கும்" என்றேன்.

"எந்தச் சட்டம் தம்பி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஏதோ சமாளித்தேன். அக்கா உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். அதில் மாமியார் பேரில் இருந்த ஒதுக்கீட்டு ஆணை, ரப்பர் பேண்ட் போட்ட தவணை ரசீதுகள், ஓரம் மடிந்த ஒரு மனு நகல். எல்லாவற்றையும் என் கையில் வைத்தார். நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் நாங்க பாத்துக்கறோம்க்கா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கதவைத் தட்டினேன். அன்றைக்கு ஒரு நாளில் நூறு வீடு முடிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு.

இரண்டு நாள் கழித்து அவர் மகன் வாரிய அலுவலகத்துக்குப் போய் விசாரித்து வந்தான். மாமியார் இறந்துவிட்டார், அதனால் வாரிசுச் சான்று வைத்துப் பெயர் மாற்ற வேண்டும். மீதித் தவணையைக் கட்ட வேண்டும். அப்புறம் கிரயப் பத்திரத்துக்கு விண்ணப்பம். இதில் எங்கேயும் புதிய சட்டம் இல்லை, சட்டசபை இல்லை, வெளிநடப்பு இல்லை. மறுநாள் விடியற்காலை அடிபம்பு வரிசையில் அக்கா இதைச் சொல்லியிருக்கிறார். "சட்டம்னு ஒண்ணும் இல்லையாம். அந்தப் பையன் சும்மா சொல்லிட்டுப் போயிருக்கான்." குழாயடியில் ஒரு பேச்சு விழுந்தால் காலை டிபனுக்குள் நாலு மாடியும் ஏறிவிடும்.

வாக்காளர் பட்டியலில் அந்த பிளாக் வருகிற பாகத்தை 'நமக்கு உறுதி' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். தேர்தலுக்குப் பிறகு வாக்குச்சாவடி வாரியான முடிவுத் தாள், படிவம் 20, கைக்கு வந்தது. நான் போட்ட கணக்கில் பாதிகூட இல்லை. ஓட்டுப் போனதைவிட எனக்கு இன்றைக்கும் உறுத்துவது வேறு. அந்த ரசீதுக் கட்டைப் பிரித்துப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். பார்த்திருந்தால் வாரிசுச் சான்று வேண்டும் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். தாலுகா அலுவலகத்துக்குக் கூடவே போய் வந்திருக்கலாம். அந்தக் குடும்பத்தின் இரண்டு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். யாராவது ஒரு குறை சொன்னால், அது எங்கே நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். ஒரு அலுவலக மேசையில் கோப்பாக நிற்கிறதா, மாநகராட்சி மன்றத் தீர்மானத்துக்கு நிற்கிறதா, அரசாணைக்கு நிற்கிறதா, நிஜமாகவே சட்டத்துக்கு நிற்கிறதா? வாசலில் கேட்கிற பெரும்பாலான குறைகள் முதல் இரண்டு இடத்தில்தான் நிற்கும். உடைந்த வடிகால் மூடிக்குக் கோட்டைக்குப் போக வேண்டியதில்லை, வார்டு அலுவலகத்தில் புகார் எண் வாங்கினால் போதும்.

வெளிநடப்பு எதை நிறுத்தும் என்று தெரியாமல் பேசுவது

வெளிநடப்பு செய்ததால் மசோதா நின்றுவிட்டது என்று நம் ஆட்களே மேடையில் பேசுகிறார்கள். நிற்காது. 234 பேர் கொண்ட நம் பேரவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 பேர் இருந்தாலே அவை நடத்தலாம். அரசியலமைப்பின் 189-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எதிர்க்கட்சி வரிசை முழுக்கக் காலியாக இருந்தாலும் குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறிவிடும். மேலவை 1986-லேயே கலைக்கப்பட்டதால் இன்னொரு அவையில் தடுக்கவும் வழி இல்லை.

2017 பிப்ரவரி 18 ஞாபகம் இருக்கிறதா? எடப்பாடி பழனிசாமி அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு. அமளி, திமுக உறுப்பினர்கள் வெளியேற்றம், ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தது எல்லாம் நடந்தது. கடைசியில் 122-க்கு 11 என்று தீர்மானம் நிறைவேறிவிட்டது. டெல்லியிலும் இதே கதைதான். 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் இரண்டு அவைகளிலும் சேர்த்து 146 எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் வெளியே நின்றபோதுதான் மூன்று குற்றவியல் சட்ட மசோதாக்களும் உள்ளே நிறைவேறின.

அப்படியானால் அமளியில் எது நிற்கிறது? கேள்வி நிற்கிறது. அவசரப் பிரச்சினையை எழுப்பும் கவன ஈர்ப்பு, செலவைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம், துறைவாரியாகப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை மீது உறுப்பினர் பேச வேண்டிய பத்து நிமிஷம், இவைதான் போய்விடுகின்றன. வெளியேற்றுகிறவர்களும் அதைப் பறிக்கிறார்கள், வெளிநடப்பு செய்கிறவர்களும் அதைத் தாங்களாகவே விட்டுக்கொடுக்கிறார்கள். நம் தொகுதிக் கேள்வி அன்றைய பட்டியலில் இருந்து, அன்றைக்கே நம் உறுப்பினர் வெளிநடப்பு செய்திருந்தால், அதை வீரம் என்று வாசலில் விற்காதீர்கள். கேட்கிறவர் குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற கவலையில் இருக்கிறார்.

நான் இப்போது கையில் வைத்துக்கொள்வது நம் உறுப்பினர் கேட்ட கேள்வியும் அமைச்சர் சொன்ன பதிலும் அச்சடித்த ஒரு தாள். "நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்ற பதிலாக இருந்தாலும் பரவாயில்லை. கேட்டோம், இதுதான் பதில், அடுத்து இதைச் செய்யப் போகிறோம் என்று காட்டினால் மக்கள் நின்று கேட்கிறார்கள். தாளை வாங்கி மூக்குக்கண்ணாடி போட்டுப் படிக்கிற பெரியவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

நிஜமாகவே நின்றுபோனதைப் பழைய கணக்கில் சொல்வது

சட்டசபையில் நிறைவேறியும் நின்றுபோன மசோதாக்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றின் வழியும் வேறு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் "கவர்னர் தடுத்துட்டார்" என்று சொன்னால் படித்த பிள்ளைகள் வாசலிலேயே திருத்துவார்கள்.

ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதா 2022 அக்டோபரில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச் 23 அன்று பேரவை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரல் 10 அன்று ஒப்புதல் வந்து சட்டமாகிவிட்டது. இதை இன்னும் நிலுவையில் இருப்பதாகப் பேசுகிறவர்கள் உண்டு.

நீட் விலக்கு மசோதா வேறு வழியில் போனது. 2021 செப்டம்பரில் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2022 பிப்ரவரி 8 அன்று மறுபடி நிறைவேறி, குடியரசுத் தலைவருக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சரே பேரவையில் சொன்னார். மத்தியச் சட்டத்தோடு முரண்படுகிற மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும் என்பதை விளக்காமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அப்புறம் அந்தப் பத்து மசோதாக்கள். ஆளுநர் ஒப்புதல் தராததால் 2023 நவம்பர் 18 அன்று பேரவை சிறப்புக் கூட்டத்தில் மறுபடி நிறைவேற்றியவை. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்து, ஆளுநருக்குக் காலக்கெடுவும் சொன்னது. நம் ஆட்கள் பாதிப் பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே வருஷம் நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குக் கருத்துச் சொல்லும்போது, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது, 'ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது' என்பதும் கிடையாது என்றது. காரணம் இல்லாமல் நீண்ட நாள் வைத்திருந்தால் முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் தலையிடலாம் என்றும் சொன்னது. ஏப்ரலில் அடித்த நோட்டீஸை இன்னமும் கொடுத்துக்கொண்டிருக்கிற ஒரு தம்பியிடமிருந்து மொத்தக் கட்டையும் வாங்கி வைத்துவிட்டேன். அவனுக்குக் கோபம். சட்டக் கல்லூரிப் பெண் ஒருத்தி வாசலில் நின்று அவனைத் திருத்துவதைவிட இது மேல்.

பழைய வீடியோ

தேதி தெரியாத சட்டசபைக் காட்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

மதியம் இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவது

வேண்டாம். வேலைக்குப் போனவர்கள் இல்லை, வீட்டில் இருப்பவர்கள் தூங்குகிறார்கள்.

ஆரத்தித் தட்டு

தட்டில் பணம் போடக் கூடாது. புதிய வேட்பாளர் கை பாக்கெட்டுக்குப் போகும், பக்கத்தில் நிற்பவர் பிடித்து நிறுத்துங்கள்.

பட்டியலைக் கடைசி வாரம் திறப்பது

2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவு வாக்காளர் பட்டியலில் தமிழ்நாடு முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். இறந்தவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள், வீடு மாறியவர்கள் என்று காரணம் சொன்னார்கள். நம் பக்கத்தில் வீடு மாறுவது என்பது பல நேரம் குடும்பம் விரும்பிச் செய்வதில்லை. கால்வாய் ஓரம் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடமும் வேலையும் இங்கே, கதவு எண் அங்கே, பெயர் இரண்டிலும் இல்லை.

புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றம், திருத்தம் இரண்டுக்கும் படிவம் 8. இந்த இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு தேர்தல் இல்லாத மாதங்களில் போங்கள். வேட்புமனு சமயத்தில் பட்டியலைக் கையில் எடுத்துப் பார்த்து, தலையில் கை வைத்துப் பயனில்லை. ஒரு கிழவி தன் பெயரை விரலால் தேடிக்கொண்டே போய், கடைசிப் பக்கம் முடிந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். பூத் ஸ்லிப் கட்டோடு நின்ற என்னிடம் அவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

முகவர் சீக்கிரம் எழுந்து போவது

காலையில் இயந்திரத்தைச் சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்குச் சரியாக வந்து, குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்க்கிறார்களா என்று எண்ணி, கட்சி சார்பில் சாவடியில் நாள் முழுக்க உட்கார்ந்த முகவர்கள், பதிவு முடிந்ததும் பசியில் எழுந்துவிடுகிறார்கள். அந்தச் சாவடியில் எத்தனை ஓட்டு விழுந்தது என்ற கணக்கு படிவம் 17சி-யில் அப்போதுதான் எழுதப்படும். அதன் நகல் முகவருக்கு உரியது. எண்ணிக்கை நாளில் இயந்திரத்தில் வரும் மொத்தத்தை ஒத்துப் பார்க்க நம் கையில் இருக்கிற ஒரே தாள் அது. சாப்பாட்டைச் சாவடிக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஆளை வையுங்கள். தலைமை அலுவலர் கையெழுத்துப் போட்ட நகல் கிடைக்கும் வரை முகவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.