வெறும் சவ்வை வைத்தே சோடியம்–ஹைட்ரஜன் பரிமாற்றத்தைப் பார்ப்பது எப்படி?

சிறுநீரகம் வடிகட்டும் சோடியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அண்மைச் சுருள் நுண்குழலே (வடிகட்டிய நீர் முதலில் நுழையும் குழல் பகுதி) மீட்டுவிடுகிறது. அதில் பெரும்பங்கு என்ஹெச்ஈ3 என்ற புரதத்தின் வேலை. ஒரு சோடியம் உள்ளே வந்தால் ஒரு ஹைட்ரஜன் அயனி வெளியே போகும். 1976-ல் முரர், ஹோப்ஃபர், கின்னே மூவரும் இந்தப் பரிமாற்றத்தை, செல்லே இல்லாமல், எலியின் சவ்வுக் குமிழிகளில் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

படி 1: சிறுநீரகப் புறணியை, அதாவது வெளி அடுக்கை, குளிர்ந்த மேனிட்டால் கரைசலில் அரைத்து, மக்னீசியம் குளோரைடு சேருங்கள். மற்ற சவ்வுகள் திரண்டுவிடும். குழலின் உட்பக்கத்துத் தூரிகை விளிம்புச் சவ்வு திரளாது. மெதுவாகச் சுழற்றித் திரண்டதை அடியில் தள்ளுங்கள். மேலே நிற்கும் நீரை வேகமாகச் சுழற்றினால் நமக்கு வேண்டிய சவ்வு, தானே மூடிக்கொண்ட குட்டிக் குமிழிகளாகக் கிடைக்கும். எல்லாமே ஐஸ் மேல்தான்.

படி 2: குமிழிகளை பிஎச் 6 பஃபரில் (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்) ஊறவையுங்கள். உள்ளே அமிலம் ஏறிவிடும்.

படி 3: கொஞ்சம் எடுத்து, சோடியம்-22 கலந்த பிஎச் 7.5 பஃபரில் விடுங்கள். இது கதிரியக்கப் பொருள், அனுமதி பெற்ற ஆய்வகத்தில் மட்டுமே செய்ய வேண்டும். சில நொடிகளில் ஐஸ் குளிர்ச்சியான கரைசலை ஊற்றி நிறுத்தி, உடனே வடிகட்டித் தாளில் எவ்வளவு சோடியம் தங்கியது என்று எண்ணுங்கள். வெவ்வேறு நேரங்களில் இதையே திரும்பச் செய்யுங்கள். சோடியம் சமநிலை அளவைத் தாண்டி ஏறி, அப்புறம் இறங்கும். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி சேர்க்கவே இல்லை. ஹைட்ரஜன் வெளியேறும் வேகமே சோடியத்தை மேட்டில் ஏற்றியது.

படி 4: இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். ஹைட்ரஜன் தனியாகக் கசிந்து, உள்ளே எதிர்மின்னூட்டம் உண்டாகி, அதுதான் சோடியத்தை இழுத்ததோ? இருபுறமும் ஒரே அளவு பொட்டாசியம் வைத்து, பொட்டாசியத்தைச் சவ்வு வழியே தாராளமாகக் கடக்கவிடும் வாலினோமைசின் சேருங்கள். மின்னழுத்தம் எழ வழியில்லை. அப்போதும் சோடியம் ஏறினால் அது நேரடிப் பரிமாற்றம்தான். இந்தப் படியை விட்டுவிடாதீர்கள்.

படி 5: இந்தப் பரிமாற்றத்தைத் தடுக்கும் அமிலோரைடு என்ற மருந்தைச் சேர்த்துப் பாருங்கள், வேகம் நன்றாகக் குறையும்.

சரி, உயிருள்ள செல்லில்? அங்கே ரத்தத்தைப் பார்த்த பக்கத்துச் சோடியம்–பொட்டாசியம் பம்பு உள்ளே சோடியத்தைக் குறைவாக வைத்திருக்கிறது. அதனால் உள்ளே பாயும் சோடியம் ஹைட்ரஜனை வெளியே தள்ளுகிறது. குமிழியிலும் சோடியம் ஹைட்ரஜனை நகர்த்துவதை, திசையை மட்டும் மாற்றி, காட்டலாம். உள்ளே சோடியத்தை நிரப்பி, சோடியமே இல்லாத, அக்ரிடின் ஆரஞ்சு (குமிழிக்குள் அமிலம் ஏறினால் ஒளிர்வு மங்கும் சாயம்) கலந்த பஃபரில் விடுங்கள். சோடியம் வெளியேற, ஹைட்ரஜன் உள்ளே புகும். சாயத்தின் ஒளிர்வு மங்கும்.