எஸ்தோனியாவின் காலிக் கிராமத்தைப் பார்ப்பது எப்படி: திருகோணமலையிலிருந்து செல்வோருக்கு

காலிக்குப் போகிறேன் என்று திருகோணமலையில் ஒருவர் சொன்னால், கொழும்பு வழியாகவா என்றுதான் கேட்பார்கள். இங்கே கூறப்படுவது எஸ்தோனியாவின் மிகப் பெரிய தீவான சாரேமாவில் அதே பெயரொலியோடு இருக்கும் ஒரு சிற்றூர். விண்கல் விழுந்து உண்டான 9 பள்ளங்கள் அதனருகே கிடக்கின்றன.

இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் முதலில், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா பெற வேண்டும். தலைநகர் தல்லினிலிருந்து புறப்படும் பஸ், விர்ட்சு துறையில் கப்பலேறி, ஏறத்தாழ அரைமணி நேரத்தில் முஹு தீவில் இறங்கி, கடலுக்குக் குறுக்கே அமைந்த தாம்போதி வழியாகச் சாரேமாவின் குரேசாரே நகரை அடையும். 2009 இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவுக்குப் பாதைப் படகில் கடந்தவர்களுக்கு இந்த ஏற்றமும் இறக்கமும் பழகியவையே. குரேசாரேயிலிருந்து காலி சுமார் 18 கிலோமீற்றர். கோடையில் செல்வதே நல்லது. டிசம்பரில் பகற்பொழுது 6 மணித்தியாலம் அளவே இருக்கும்.

பெரிய பள்ளத்தின் விட்டம் 110 மீற்றர், ஆழம் 22 மீற்றர். உடனே அதன் அடியிலுள்ள குளத்தருகே இறங்கிவிடாமல், முதலில் விளிம்பை ஒரு முறை முழுமையாகச் சுற்றி வாருங்கள். மோதலின் வேகத்தில் கிளம்பிச் சாய்ந்து நிற்கும் டொலமைட் பாறையடுக்குகள் உட்சுவரில் அப்போதுதான் கண்ணிற்படும். வறண்ட கோடையில் குளம் வெகுவாகச் சுருங்கிவிடும் என்பதால் நீர்ப்பரப்பை நம்பிச் செல்ல வேண்டாம். கரையில் பழைய கற்சுவரின் எச்சங்களும் விலங்கு எலும்புகளும் கண்டெடுக்கப்பட்டிருப்பதால், முன்னோர் இங்கே பலியிட்டு வழிபட்டிருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு இராவணன் கதையைச் சொல்லி வளர்ந்த நமக்கு அது வியப்பாக இராது.

பெரும்பாலோர் இத்துடன் திரும்பிவிடுவது தவறு. ஆய்வாளர் இவான் ரெய்ன்வால்ட் 1937 இல் விண்கல் இரும்புத் துண்டுகளைக் கண்டெடுத்து, இப்பள்ளங்களின் பிறப்பை ஐயமற நிறுவியது சுற்றிலுமுள்ள சிறு பள்ளங்களில்தான். அவை மரங்களுக்கும் புல்லுக்கும் இடையே வெறும் குழிகளாகவே தோன்றும். ஆகவே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இது பாதுகாக்கப்பட்ட பகுதி, கற்களை எடுக்கலாகாது.

நேரம் மிஞ்சினால் வடக்கே அங்லா கிராமத்தில் நிற்கும் 5 காற்றாலைகளையும் பார்க்கலாம். அவற்றுள் 4 ஆலைகளை, காற்று வரும் திசைக்கு, உடலோடு சேர்த்தே திருப்ப வேண்டும். 1927 இல் கட்டப்பட்ட ஒல்லாந்துப் பாணி ஆலையில் தலைப்பகுதி மட்டுமே திரும்பும். கிராமங்களுக்கு இடையே பஸ்கள் குறைவு என்பதால் வாடகைக் கார் வசதியானது. ஆனால் அங்கே வாகனங்கள் வீதியின் வலப்புறமாகச் செல்லும்.