குழந்தைக்குப் பேதியா? ஓஆர்எஸ் கரைத்துக் கொடுக்கும் முறை

பேதியில் நீரும் உப்பும் போய்விடுவதுதான் குழந்தைக்கு ஆபத்து. அதை ஈடுகட்டத்தான் ஓஆர்எஸ் என்ற, உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடி. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை மஞ்சளாக, இளக்கமாகப் பல தடவை போவது இயல்பு, அது பேதியில்லை. வழக்கத்தைவிடத் தண்ணீராக, அடிக்கடி போனால்தான் பேதி.

முதலில் குழந்தையைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்டது, மலத்தில் ரத்தம், எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, எதையும் குடிக்க முடியாதது, எல்லாவற்றையும் வாந்தியெடுப்பது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. தொப்புளுக்குப் பக்கவாட்டில் வயிற்றுத் தோலை இரு விரலால் மடிப்பாகப் பிடித்து விடுங்கள். உடனே சமமாகாமல் மெல்லப் படிந்தாலோ, கண் குழி விழுந்திருந்தாலோ வீட்டில் காத்திருக்க வேண்டாம். போகிற வழியெல்லாம் ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே போங்கள்.

இனிக் கரைப்பது. அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். 20.5 கிராம் பாக்கெட் முழு ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு மிதமிஞ்சிப் போய் ரத்தத்தில் சோடியம் ஏறும், வலிப்பு வரைகூடக் கொண்டுபோகும். பாதியைக் கொட்டிவிட்டு மீதியை மடித்து வைப்பதும் தப்பு. பொடி கலந்திருக்கும் விகிதம் பாதிக்குப் பாதி சரியாக வராது. டம்ளர் கணக்கை நம்பாதீர்கள், வீட்டுக்கு வீடு அளவு மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளந்து, காய்ச்சி ஆறிய நீரில் பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கலக்குங்கள். கூடுதல் சர்க்கரை வேண்டாம்: குளுக்கோஸ் அளவாக இருந்தால்தான் குடல் உப்பையும் நீரையும் சேர்த்து உள்ளே இழுக்கும், மிகுந்தால் பேதி கூடும். கரைத்த பிறகு சுடவைக்கவும் கூடாது. 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்கு 200 மி.லி. தண்ணீருக்கான சிறு பாக்கெட்டையே சொல்வேன், வீணாவது குறைவு. டெட்ரா பாக்கில் வரும் இனிப்புப் பழச்சாறு வகைகள் இதற்கு ஈடாகாது. உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. கொடுங்கள். பாட்டிலும் நிப்பிளும் வேண்டாம்; சங்கு, பாலாடை அல்லது ஸ்பூன் போதும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் குழைந்த சாதம், இட்லி, தயிர் என்று வழக்கமான சாப்பாடும் தொடரட்டும். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கவே கூடாது.

“கொடுத்ததும் கக்கிவிடுகிறதே” என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தாகத்தில் ஒரே மூச்சில் குடிப்பதால் வரும் வாந்தி பெரும்பாலும் இது. பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு 5 மி.லி. ஸ்பூன். அப்படியே ஒரு மணி நேரத்தில் 150 மி.லி. உள்ளே போயிருக்கும். கை வலிக்கும், வீட்டில் ஆள் மாற்றிக் கொடுங்கள்.

சேர்க்கை: பேதிக்கு ஓஆர்எஸுடன் கொடுக்கும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை பற்றிப் பலர் கேட்டார்கள். 2 முதல் 6 மாதம் வரை தினம் 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி., பேதி நின்றாலும் 14 நாள். 20 மி.கி. மாத்திரையை ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ நீரிலோ கரைக்கலாம். 2 முதல் 6 மாதக் குழந்தைக்குப் பாதி மாத்திரை. உலோகச் சுவை என்பதால் முகம் சுளிக்கும். அரை மணிக்குள் கக்கிவிட்டால் அதே அளவை இன்னொரு முறை கொடுக்கலாம்.